கேமுக்குக் குரல் பதிகிறீர்களா? மைக்கைக் குறை சொல்லும் முன்...

பூதம் உறுமுவது, அடிபட்டவன் ‘ஹக்’ என்று மூச்சுவிடுவது, பேய் சிரிப்பது: கேமுக்கு வேண்டிய இந்த ஒலிகளையெல்லாம் வீட்டிலேயே பதியலாம். சரியாக வரவில்லையென்றால் பலரும் மைக்கின்மேல் பழிபோட்டுவிட்டு சிங்கப்பூரில் மின்னணுச் சாமான் விற்கும் சிம் லிம் ஸ்குவேருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அறையில்தான் இருக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பாம் ஷெல்ட்டர் எனும் பதுங்கறைதான் அமைதியான இடம் என்று அதற்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெளிச்சத்தம் குறையும், உண்மைதான். ஆனால் சுற்றிலும் கான்கிரீட், கதவோ எஃகு. உள்ளே நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள், ‘டொய்ங்’ என்று இழுக்கும். (சாமான் அடைத்துவைத்த ஷெல்ட்டர் என்றால் பரவாயில்லை, ஆனால் நிற்க இடமிருக்காது.) அந்த எதிரொலி பதிவில் ஏறிவிட்டால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. குகைக்கும் அரண்மனைக்கும் ஏற்ற எதிரொலியைக் கேமை இயக்கும் மென்பொருளான கேம் எஞ்சினிலேயே சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் தரவேண்டியது எதிரொலியே இல்லாத குரல். படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகுகாட்டி நின்று பதியுங்கள். மைக் உங்களைப் பார்க்கும்போது உங்களுக்குப் பின்னால் இருப்பதையும் சேர்த்தே பார்க்கிறது. அங்கே வெறும் சுவர் இருக்கக்கூடாது.

அடுத்தது நேரம். விடியற்காலையில் பதியலாமென்றால் குயில் விடாது. இரவில் அலறினால் மேல்மாடிக்காரர் போலீசைக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார். வீவக விதிப்படி இடிப்பது, துளையிடுவது போன்ற இரைச்சலான ரெனவேஷன் வேலைகளுக்கு வார நாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் கிடையாது. ஆகவே சனிக்கிழமைப் பிற்பகலே தோது, கீழ்த்தளத்தில் கல்யாணம் இல்லாதவரை.

ஏர்கானையும் விசிறியையும் அணைக்க மனம் வராது, வியர்க்கும். ‘மெல்லிய இரைச்சல்தானே, பிறகு நீக்கிக்கொள்ளலாம்’ என்று விடுவதுதான் வினை. குரலைப் பூதமாக்கச் சுருதியை இறக்கும்போது அந்த இரைச்சலும் கூடவே இறங்கிக் காற்றைப்போல் உறுமும். இரைச்சல்நீக்கியை அளவுக்கு மீறிப் போட்டாலோ, குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். பேசாமல் சில விநாடி அறையின் ஒலியை மட்டும் பதிந்துவைத்தால், மென்பொருளுக்கு மாதிரி காட்ட உதவும்.

ஒலியளவைச் சாதாரணப் பேச்சுக்கு வைத்துவிட்டு அலறினால் அலையின் உச்சி வெட்டுப்படும், அந்தக் கரகரப்பை ஒழுங்காகச் சீர்செய்ய முடியாது. ஆகப் பெரிய அலறலைப் போட்டுப்பார்த்து, உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையே நிற்கும்படி வையுங்கள் (மீட்டரில் 0தான் வெட்டுப்படும் எல்லை). கிசுகிசுப்புக்கு அளவைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும், ஆனால் நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசினால் ‘ப’வும் ‘ஹ’வும் படபடக்காது.

ஒரே ‘ஹக்’கை ஒவ்வொரு அடிக்கும் ஒலிக்கவிட்டால் விளையாடுபவருக்குச் சீக்கிரமே எரிச்சல் வரும். ஐந்தாறு விதமாகப் பதிந்துகொடுங்கள். கோப்பின் தொடக்கத்தில் மௌனம் இருந்தால் அடி விழுந்த பிறகுதான் சத்தம் வரும், அதை வெட்டிவிடுங்கள். எம்பி3 ஆக மாற்றும்போது அந்த மௌனம் தானாகவே கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும், அதனால் மோனோ (ஒற்றைத் தடம்) வேவ் (WAV) கோப்பாகவே கொடுப்பது நல்லது.

அலறல்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே கத்தித் தீர்த்தால் தொண்டை கட்டி, அதே பாத்திரத்தின் மற்ற வசனங்கள் வேறொருவர் பேசியதுபோல் ஆகிவிடும்.