அரச அலுவலகம் பாகுபாடு காட்டினால்: ஒரு மாதத்துக்குள் செய்ய வேண்டியவை

கவுண்டரில் "மறுகா வாங்க" என்று சொல்லி அனுப்புவது மட்டும் பாகுபாடு ஆகாது. பக்கத்தில் நின்றவருக்கு அன்றே வேலை முடிந்து, உங்களுக்கு மட்டும் இனத்தையோ மொழியையோ வைத்து மறுத்தால் அது பாகுபாடு. அப்படி நடந்தால் நம்மவர்கள் வழமையாக மேலதிகாரிக்கு ஒரு மேன்முறையீட்டுக் கடிதம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார்கள். பெரும்பாலான வழக்குகள் கெட்டுப்போவது அந்தக் காத்திருப்பில்தான்.

இலங்கை அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட உங்களுக்கு ஒரு மாதமே உண்டு. சம்பவம் நடந்த நாளிலிருந்து, அல்லது உங்களுக்குத் தெரிய வழியில்லாத விடயமென்றால் தெரியவந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். மேன்முறையீடு, எம்.பி.யைச் சந்திப்பது, தொழிற்சங்கக் கடிதம் எதுவும் அந்த மாதத்தை நிறுத்தாது. உயர் நீதிமன்றம் இதை 1988 இலேயே சொல்லிவிட்டது. கடிதம் எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நாட்காட்டியில் கடைசித் திகதியைக் குறித்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்து, உங்கள் விடயம் எந்த உறுப்புரைக்குள் வருகிறது என்று பாருங்கள். 12(1) எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. 12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் அபிப்பிராயம், பிறந்த இடம் ஆகியவற்றால் பிரசைகளுக்குப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அரச வேலைக்கு நியாயமான காலத்துக்குள் ஒரு மொழியைக் கற்கச் சொல்வதற்கு அதிலேயே விதிவிலக்கு உண்டு. எனவே "சிங்களம் படிக்கச் சொன்னார்கள்" என்பதை மட்டும் வைத்து மனு நிற்காது. 12(3) கடை, உணவகம், விடுதி, சொந்த மதத்தின் வழிபாட்டிடம் பற்றியது. ஆனால் 126 இன் கீழ் வழக்காட, உரிமையை மீறியது அரச நிருவாகமாக இருக்க வேண்டும். தனியார் ஹோட்டல் முதலாளியை இந்த வழியால் நேரடியாகப் பிடிக்க முடியாது. சாதியின் பெயரால் தடுத்தவர் மேல் 1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தில் பொலிசில் முறைப்பாடு செய்யலாம். இனத்துக்கு அந்தச் சட்டம் உதவாது.

அமெரிக்காவிலும் இதே ஓட்டை இருந்தது. சம பாதுகாப்பு என்பது அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று அங்குள்ள உயர் நீதிமன்றம் 1883 இல் தீர்ப்பளித்தது. 1954 இல் அரச பாடசாலைகளில் கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்து வைத்த சட்டங்களை நீதிமன்றமே தள்ளிவிட்டது. ஆனாலும் தனியார் உணவகக் கதவைத் திறக்க 1964 ஆம் ஆண்டின் குடிசார் உரிமைகள் சட்டம் வர வேண்டியிருந்தது.

நமக்கு வேறொரு தடையும் உண்டு. பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை, அது சட்டமான பிறகு நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த 80(3) ஆம் உறுப்புரை விடாது. 1972 வரை இருந்த சோல்பரி யாப்பில் அந்த வழி இருந்தது. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைத் தடுத்த அதன் 29 ஆம் பிரிவைப் பிடித்துத்தான், கேகாலைக் கச்சேரி எழுதுவினைஞர் கோடீஸ்வரன், சிங்களப் பரீட்சைக்காகத் தன் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டதை எதிர்த்தார். 1964 இல் மாவட்ட நீதிமன்றத்தில் வென்றார். 1967 இல் உயர் நீதிமன்றம், சம்பளத்துக்காக அரச ஊழியர் முடிக்கு (அதாவது அரசுக்கு) எதிராக வழக்காட முடியாதென்று அதைப் புரட்டியது. 1969 இல், அப்போது நமக்கு இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் (Privy Council) அந்தத் தீர்ப்பைத் தள்ளி, சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியைத் திருப்பி அனுப்பியது. அதற்குப் பதில் வரவேயில்லை. 1972 யாப்போடு 29 ஆம் பிரிவும் போய்விட்டது. ஆகவே உங்கள் மனு சட்டத்தைத் தாக்கக் கூடாது. அதிகாரி செய்ததை, சுற்றறிக்கையை, தெரிவுப் பட்டியலைத் தாக்க வேண்டும்.

இனி கடதாசி வேலை. முறைப்பாட்டில் "எங்கட ஆக்களை மதிக்கிறேல்ல" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "மார்ச் 4, காலை 10.20 மணியளவில், காணிப் பிரிவின் இரண்டாம் கவுண்டரில் இருந்த அதிகாரி எனது தமிழ் விண்ணப்பத்தைத் திருப்பித் தந்து, சிங்களத்தில் எழுதி வந்தால்தான் எடுப்பேன் என்றார். எனக்குப் பின்னால் நின்றவரின் சிங்கள விண்ணப்பத்தை அப்போதே எடுத்தார்." திகதி, இடம், பதவி, சொன்ன வார்த்தை, ஒப்பிட ஒருவர் என ஐந்தும் இதற்குள் உண்டு. ஒப்பிட ஆள் இல்லாமல் போவதே சமத்துவ மனுக்களின் பெரிய பலவீனம். உங்களைப் போன்ற தகுதியும் நிலையும் உள்ளவர் வேறுவிதமாக நடத்தப்பட்டதைக் காட்ட வேண்டும். "மற்றவருக்கு விதியை மீறிக் கொடுத்தார்கள், எனக்கும் தா" என்று கேட்டால் தோற்பீர்கள். சட்டவிரோதத்தில் சமத்துவம் கிடையாது.

கையால் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். குத்த மறுத்தால் வாக்குவாதப்படாமல் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பிரதியோடு பின் பண்ணி வையுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் புள்ளிப் பட்டியலையும் சுற்றறிக்கையையும் முதல் நாளிலேயே கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள், ஆகவே "பெயர்களை மறைத்து" என்று சேர்த்துக் கேளுங்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு. சனி, ஞாயிறு, போயா சேர்த்தால் மூன்று கிழமை போய்விடும். பதில் வராவிட்டாலும் மனுவைப் பிந்த விடாதீர்கள்.

ஒரு மாதத்துக்குள் கொழும்புக்குப் போய் மனுப் போட வசதியில்லாதவருக்கு மனித உரிமைகள் ஆணைக்குழு இருக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம். அவசர அழைப்பு 1996. ஆணைக்குழுவின் 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், பிரிவு 13(1) இன்படி, ஒரு மாதத்துக்குள் அங்கு முறைப்பாடு செய்தால் விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முறைப்பாட்டு இலக்கம் மட்டும் கையில் இருந்தால் போதாது. விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்று காட்டும்படி நீதிமன்றம் கேட்கும். அழைப்புக் கடிதங்கள் ஒவ்வொன்றையும் கோவைப்படுத்துங்கள், விசாரணை நிலுவையில் உள்ளதென்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தமிழ்க் கடிதத்துக்குச் சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். வந்த கடிதத்தின் பிரதியும் உறையின் தபால் முத்திரையும் இருந்தால் வேறு சாட்சி பெரிதாக வேண்டியதில்லை.

மனுவுக்குச் சட்டத்தரணி வைக்கப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை நிலையங்களில் ஒன்றுக்கு, மாதம் முடிய ஓரிரு நாள் இருக்கும்போதல்ல, முதல் கிழமையே போங்கள். எதிர்மனுதாரராகத் தவறு செய்த அதிகாரியைப் பெயரோடும் பதவியோடும் சேர்க்க வேண்டும். சட்டமா அதிபரையும் சேர்க்க வேண்டும். சத்தியக் கடதாசி ஆங்கிலத்தில் தயாரானால், உங்களுக்கு வாசித்து விளக்கப்பட்டது என்ற வரி சமாதான நீதவானின் கையொப்பத்துக்கு மேலே இருக்க வேண்டும். இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதியுரைப்பார்கள், கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்வார்கள். வார்த்தை மாறினால் எதிர்த்தரப்புக்கு ஓர் ஆட்சேபனை இலவசமாகக் கிடைக்கும்.

வேண்டுதல் பகுதியில் நட்டஈட்டை மட்டும் எழுதாமல், இடைக்காலக் கட்டளையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வேலை வெற்றிடம் தொடர்பான மனுவென்றால் அது முக்கியம். கேட்காவிட்டால் விசாரணைக்கு எடுக்கும்போது அந்தக் கதிரையில் வேறொருவர் நிரந்தரமாகி இருப்பார்.