கறுத்த முகத்தைச் சாம்பலாக்காதீர்கள்: உருவப்படப் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீனவர் குப்பத்திலோ நெசவாளர் தெருவிலோ இரண்டு நாள் பயிற்சி. பத்துப் பதினைந்து பேர் கேமராவும் செல்போனுமாக அக்கம்பக்கத்தாரைப் படமெடுக்கிறார்கள். கை நடுங்குவது, ஃபோகஸ் தப்புவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவை வேறு.

தோலின் நிறத்தை மாற்றிவிடுவது

வெயிலில் காய்ந்து கன்னங்கரேலென்று மினுங்கும் முகம், பிரிண்டில் சாம்பல் பூத்துக் கிடக்கும். வீட்டார் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாதான் இருக்கு, ஆனா அப்பா மாதிரி இல்லையே" என்பார்கள். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஐந்தாறு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக நடந்துவிடுகிறது.

முதலில், கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர். எதிரில் இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பலாக எண்ணித்தான் அது கணக்குப் போடும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அதே முகம் சுண்ணாம்புச் சுவர் முன்னால் இருந்தால் குறைத்துவிடும். முதல் வகைக்கு, மீட்டரின் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை இறக்குங்கள் (ஒரு ஸ்டாப் இறக்கினால் வெளிச்சம் பாதி, ஏற்றினால் இரட்டிப்பு); இரண்டாவதற்கு ஒரு ஸ்டாப் ஏற்றுங்கள். சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும். போனில் என்றால் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலோ கீழோ இழுத்தால் போதும். பியூட்டி மோடை முதலிலேயே அணைத்துவிடுங்கள்.

அடுத்தது வெளிச்சம். கறுத்த தோலின் வடிவத்தைக் காட்டுவது அதன் மினுமினுப்புதான். நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளிதான் விழும். மற்ற இடம் தட்டையாகிவிடும். வாசற்படிக்கு உள்பக்கம் உட்காரவைத்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும்படி திருப்புங்கள். நிழல் விழுந்த கன்னத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட இரண்டடி தள்ளி ஒரு தெர்மாகோல் பலகை. இல்லையென்றால் வெள்ளை வேட்டி. இருவரைச் சேர்த்து எடுக்கும்போது அதிகம் கறுத்தவரை வாசலுக்கு அருகில் உட்காரவையுங்கள்.

பவுடர் விஷயம் பக்குவமாகக் கையாள வேண்டியது. போட்டோ என்றதும் முகம் கழுவிப் பவுடர் பூசி வருவது நம் வழக்கம். நிழலில் அது நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். அதற்காக "துடைச்சிட்டு வாங்கம்மா" என்பது மரியாதையே இல்லை. தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்பது அவர் முடிவு. அப்படியே ஒன்று எடுங்கள். திரையில் காட்டுங்கள். பிறகு, ஈரத்துணியால் லேசாக ஒற்றி இன்னொன்று எடுக்கலாமா என்று கேளுங்கள். எது பிரிண்ட் ஆக வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

எடிட்டிங்கில் கெடுப்பது இரண்டு ஸ்லைடர்கள். இருண்ட பகுதியை வெளிச்சமாக்கும் ஷேடோஸை ஏற்றினால் கருமை கலங்கிச் சாம்பலாகும். ஆரஞ்சு நிறத்தின் லூமினன்ஸை, அதாவது அதன் வெளிச்சத்தை, ஏற்றினால் தோல் வெளுக்கும். இரண்டையும் தொடாதீர்கள். திரை வெளிச்சத்தைப் பாதிக்கு இறக்கிவிட்டுப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் பிரிண்டில் இருண்டு வரும். உடனே "ஏத்திடலாம்" என்று தொடங்குவார்கள்.

இத்தனையும் ஒழுங்காகச் செய்து, கடைசியில் பிரிண்ட் போடும் லேபில் கோட்டைவிடுவதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. தானியங்கித் திருத்தம் ஓடினால் எல்லா முகமும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். "கரெக்‌ஷன் போடாம அப்படியே போடுங்க" என்று சொல்லி, 4×6 அளவில் ஒன்று மட்டும் முதலில் போட்டு, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஃபிலிம் காலத்திலும் இதே கதைதான். நிறம் சரிபார்க்க லேப்களுக்கு கோடாக் கொடுத்த 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் வெகுகாலம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகத்துக்குச் சரியாக வந்தால் எல்லோருக்கும் சரி என்று வைத்துக்கொண்டார்கள்.

போனை மூக்கருகே கொண்டுபோவது

மூக்கு பெரிதாகும், காது சுருங்கும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2எக்ஸ் ஜூமில் எடுங்கள்.

நீலத் தார்ப்பாய் நிழல்

முகமும் நீலமாகும். வேறு இடம் பாருங்கள்.

"சிரிங்க"

சொல்லாதீர்கள்.

படத்தைக் கொடுக்காமல் போவது

நோட்டில் பெயர், தெரு, ஃபிரேம் எண், எத்தனை பிரதி என்று அப்போதே எழுதுங்கள். 4×6 பிரிண்டுக்கு 1200×1800 பிக்சல் போதும். வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். லேபுக்கு டாக்குமெண்டாக அனுப்புங்கள். பிரிண்டின் பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முகத்தில் தடம் விழும், பென்சிலால் மெல்ல எழுதி உறையில் போட்டுக் கொடுங்கள்.