தகவல் கேட்கும் மனு ஏன் தோற்கிறது? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 அன்று முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் அனுப்பப்படும் மனுக்களுக்கு உருப்படியான பதில் வராதபோது அலுவலரைக் குறைசொல்வது வழக்கம். பல நேரங்களில் அது நியாயமும்கூட. ஆனால், மறுப்பதற்கான வசதியை மனுதாரரே எழுதிக் கொடுத்துவிடுவதும் அதே அளவுக்கு நடக்கிறது.

முதல் பெரிய தவறு, ஆவணத்தைக் கேட்காமல் விளக்கம் கேட்பது. "எங்கள் தெருச் சாலை ஒரே மழையில் பெயர்ந்தது ஏன்? இதற்கு யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுக்கப் போகிறீர்கள்?" என்று எழுதினால், அது "தகவல்" என்ற வரையறைக்குள் வரவில்லை என ஒற்றை வரியில் பதில் வந்துவிடும். சட்டப்படி அந்தப் பதிலில் பிழை காண்பதும் கடினம். விடைத்தாள் நகல் தொடர்பான சிபிஎஸ்இ வழக்கில் 2011இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மாணவர் தம் விடைத்தாளைப் பார்க்கலாம் என்று அனுமதித்தது. அதே தீர்ப்பில், அலுவலகத்தில் இல்லாத தகவலைப் புதிதாகத் தொகுத்துத் தரவோ கருத்துரை வழங்கவோ பொது அதிகார அமைப்புக்கு, அதாவது மனுவைப் பெறும் அரசு அலுவலகம் போன்ற அமைப்புக்கு, கடமை இல்லை என்றும் சொன்னது.

சாலை பற்றிய அதே குறையை வேறு விதமாக எழுதிப் பாருங்கள். வார்டு எண், தெருவின் பெயர், நிதியாண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அந்தப் பணிக்கான மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல், பழுதுகளைச் சரிசெய்து தரும் பொறுப்பு எவ்வளவு காலம் என்பதைக் கூறும் ஒப்பந்தப் பக்கம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேட்கலாம். அளவுப் புத்தகத்தில் சாலையின் நீளம், அகலம், கனம் ஆகியவை பொறியாளரின் கையொப்பத்துடன் பதிவாகியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தெருவை அளந்தால், "ஏன் பெயர்ந்தது" என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

கோபத்தையும் மனுவில் கொட்டக் கூடாது. தகவல் எதற்காகத் தேவை என்று சொல்ல வேண்டியதில்லை என்பதைப் பிரிவு 6(2) தெளிவாகவே கூறுகிறது. ஆகவே இரண்டு பக்க முன்கதையும் குற்றச்சாட்டும் கேட்ட ஆவணத்தை மறைப்பதற்கு மட்டுமே பயன்படுகின்றன. சங்கத்தின் கடிதத்தாளில், சங்கத்தின் பெயரால் விண்ணப்பிப்பதும் வேண்டாம். உரிமை குடிமகனுக்குத்தான் தரப்பட்டுள்ளது என்பதால், தனிநபராகவே கையொப்பமிடுவது பாதுகாப்பு.

"கடந்த பத்து ஆண்டுகளின் அனைத்துக் கோப்புகளும்" என்று வலைவீசுவது அடுத்த தவறு. அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்றால், கேட்ட வடிவத்தில் தர வேண்டியதில்லை என்கிறது பிரிவு 7(9). வேறு வடிவத்தில் தரலாம் என்பதே அதன் பொருள். எனினும் நடைமுறையில் முழு மறுப்புக்கே அது கேடயமாகிறது. கோப்புகள் அதிகம் என்று தோன்றினால் நகலுக்குப் பதில் நேரில் ஆய்வு செய்ய அனுமதி கேளுங்கள். மத்திய அரசின் விதிகளில் முதல் ஒரு மணி நேர ஆய்வுக்குக் கட்டணம் இல்லை. தேவையான பக்கங்களை மட்டும் குறித்துக்கொண்டு நகல் பெறலாம்.

கட்டணத்தில் சறுக்குபவர்களும் உண்டு. தமிழக அரசு அலுவலகங்களுக்கு 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிப் பழகியவர்கள், அதே பழக்கத்தில் மத்திய அரசு அலுவலகத்துக்கும் வில்லை ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். மத்திய விதிகளில் வில்லை கிடையாது. அஞ்சல் ஆணை, வரைவோலை, ரொக்கம், இணையவழிக் கட்டணம் ஆகியவை ஏற்கப்படும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்றை இணைத்தால் கட்டணமே வேண்டாம். முகவரி தவறினால் அத்தனை கவலை இல்லை: உரிய அலுவலகத்துக்கு ஐந்து நாட்களுக்குள் மாற்றி அனுப்புவது பெற்ற அலுவலகத்தின் கடமை. மனுவைப் பெற்றுப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலரின் பெயரும் தெரிய வேண்டியதில்லை. பதவிப் பெயர் போதும்.

இன்னொருவரின் பணிப்பதிவேடு, சொத்து விவரம் போன்றவற்றைக் கேட்பது இப்போது முன்பைவிடக் கடினம். தனிப்பட்ட தகவல் பற்றிய பிரிவு 8(1)(ஜே)யிலேயே இருந்த, பொதுநலன் கருதித் தரலாம் என்னும் விதிவிலக்கை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நீக்கிவிட்டது. ஆனால் தீங்கைவிடப் பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே உள்ளது. அத்தகைய மனுவில் மட்டும், காரணம் சொல்லத் தேவையில்லை என்ற விதியை மறந்துவிட்டு, பொதுநலன் எது என்பதை இரண்டு வரியில் எழுதிவிடுவது நல்லது.

பெரிய சேதம் நடப்பது மனுவுக்குப் பிறகுதான். முப்பது நாட்களில் பதில் வராவிட்டால் அதையே மறுப்பாகக் கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். பலரோ நினைவூட்டல் கடிதம் எழுதுகிறார்கள், அல்லது புதிதாக இன்னொரு மனு போடுகிறார்கள். இதற்குள் முதல் மேல்முறையீட்டுக்கான முப்பது நாள் கெடு கரைந்துவிடுகிறது. அந்த மேல்முறையீடு அதே அமைப்பில் உள்ள உயர் அலுவலருக்கு அனுப்பப்பட வேண்டும். அவர் முப்பது நாட்களில், காரணத்தைப் பதிவு செய்து அதிகபட்சம் நாற்பத்தைந்து நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். கெடு தாண்டித் தரும் தகவலுக்கு நகல் கட்டணம் கேட்டால், பிரிவு 7(6)ஐச் சுட்டி இலவசமாகக் கோருங்கள்.

அதன்பின் 90 நாட்களுக்குள், இரண்டாம் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையத்துக்குச் செல்லலாம். இங்கே சிலர் பிரிவு 18இன்கீழ் புகார் மட்டும் அனுப்புகிறார்கள். நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் என்று அலுவலர் மீது விதிக்கப்படும் அபராதம் ஈர்ப்பதாக இருக்கலாம். ஆனால் புகாரின் பேரில் தகவலைத் தருமாறு ஆணையம் உத்தரவிட முடியாது என்று மணிப்பூர் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. ஆவணம் வேண்டுமென்றால் பிரிவு 19(3)இன்கீழ் இரண்டாம் மேல்முறையீடுதான் வழி. மூல மனு, முதல் மேல்முறையீடு, வந்த பதில்கள், அஞ்சல் ரசீதுகள் ஆகியவற்றின் நகல்களைத் தேதி வரிசையில் அதனுடன் இணைத்து அனுப்புங்கள்.