லினக்ஸில் யூஎஸ்பி கீபோர்டின் கீகளை இடம் மாற்றுவது எப்படி?

இடது சுண்டுவிரலுக்கு எளிதாக எட்டும் இடத்தில் கேப்ஸ் லாக் இருக்கிறது. அதைவிட அடிக்கடி தேவைப்படும் கன்ட்ரோல் கீ கீழ் மூலையில் கிடக்கிறது. இந்த இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்போம். மற்ற கீகளுக்கும் இதே வழிதான்.

பழைய வழிகாட்டிகள் பலவும் கீகளை மாற்ற எக்ஸ்மோட்மேப் என்ற கட்டளையைச் சொல்லும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸில் திரையைக் காட்டும் அமைப்புகள் இரண்டு: புதிய வேலண்ட், பழைய எக்ஸ்11. வேலண்டில் அது பயன்படாது. எக்ஸ்11-இலும் கீபோர்டைப் பிடுங்கி மறுபடி செருகினால் செய்த மாற்றம் காணாமல் போகலாம். இன்புட் ரீமேப்பர் என்ற இலவச மென்பொருள் இரண்டிலும் வேலை செய்யும். அதைவிட முக்கியம், நீங்கள் தேர்ந்தெடுத்த கீபோர்டை மட்டுமே அது மாற்றும். லேப்டாப்பின் சொந்தக் கீகள் அப்படியே இருக்கும்.

உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றின் மென்பொருள் களஞ்சியங்களிலும் இது கிடைக்கிறது. நிறுவியதும் யூஎஸ்பி கீபோர்டைச் செருகிவிட்டு மென்பொருளைத் திறவுங்கள். கடவுச்சொல் கேட்கும், கொடுங்கள். எல்லாக் கீ அழுத்தங்களையும் படிக்க நிர்வாகி அனுமதி வேண்டும், அதனால்தான்.

இனி வருவது இரண்டாம் பதிப்பின் திரை. முதலில் டிவைசஸ் பகுதியில் உங்கள் கீபோர்டைத் தேர்ந்தெடுங்கள். அடுத்து ப்ரீசெட்ஸ் பகுதியில் புதிய ப்ரீசெட் (கீ மாற்றங்களின் தொகுப்பு) ஒன்றை உருவாக்குங்கள். அப்புறம் எடிட்டருக்குப் போய், புதிய உள்ளீடு ஒன்றைச் சேர்த்து, ரெக்கார்டைச் சொடுக்கி, கேப்ஸ் லாக்கை அழுத்தி விடுங்கள். வெளியீட்டுப் பெட்டியில் இடது கன்ட்ரோலின் பெயரைத் தட்டத் தொடங்கினால் பரிந்துரைகள் வரும். அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்துப்பிழை வராது.

இத்தோடு நிறுத்தினால் கேப்ஸ் லாக்கே இல்லாமல் போய்விடும். அதனால் இரண்டாவது உள்ளீடாக இடது கன்ட்ரோலைப் பதிந்து, வெளியீட்டில் கேப்ஸ் லாக்கைக் கொடுங்கள். ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே சுற்றுமோ என்று பயப்பட வேண்டாம். மாற்றிய அழுத்தங்களை இந்த மென்பொருள் தனியாக ஒரு மெய்நிகர் கீபோர்டு வழியாக அனுப்புகிறது. அவை திரும்ப உள்ளே வருவதில்லை.

சரி, இப்போது அப்ளை கொடுத்து ஏதாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் தட்டிப் பாருங்கள். முதல் சோதனையின்போது வேறொரு கீபோர்டும் கைவசம் இருந்தால் நல்லது. திருத்த வேண்டுமென்றால் முதலில் ஸ்டாப் கொடுங்கள். ப்ரீசெட் இயங்கிக்கொண்டிருக்கும்போது புதிய கீயைப் பதிய முடியாது.

எல்லாம் சரியென்றால் ஆட்டோலோடை இயக்கிவிடுங்கள். கீபோர்டை எப்போது செருகினாலும் மாற்றம் தானாக வரும். ஆனால் இந்த அமைப்பு உங்கள் பயனர் கணக்கில் இருப்பதால், உள்நுழைவுத் திரையில் கீகள் பழைய இடத்திலேயே இருக்கும். அங்கும் மாற வேண்டுமென்றால் சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் லினக்ஸ் பகுதியான யூடெவின் வன்பொருள் தரவுத்தளத்தில் எழுத வேண்டும். கட்டளை வரி பழகிய பிறகு அதைப் பார்க்கலாம்.

எஃப்என் கீயை மட்டும் ரெக்கார்டு பிடிக்கவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. பெரும்பாலான கீபோர்டுகள் அதைத் தமக்குள்ளேயே கையாண்டுவிடும், கணினிக்கு எந்தக் குறியீட்டையும் அனுப்பாது. அந்தக் கீயை லினக்ஸிலிருந்து மாற்ற முடியாது.