ஃபான்ட் உடைந்தால் உடனே இன்னொரு ஃபான்ட் போடாதீர்கள்: லினக்ஸில் தமிழும் பர்மியமும் சேர்த்துப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா அழைப்பிதழை ஒரு தம்பி தன் உபுண்டு லேப்டாப்பில் தயார் செய்துகொண்டிருந்தான். மேலே தமிழ், கீழே அதே விவரம் பர்மியத்தில், கடைசி வரியில் ஆங்கிலத்தில் முகவரி. யாங்கோனில் நம் வீட்டு விசேஷ அழைப்பிதழ்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும், ஏனென்றால் நம் பிள்ளைகளில் பலர் தமிழ் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்க வேண்டும் என்றால் பர்மியம்தான் கை கொடுக்கும். தமிழ் வரிகள் சரியாக இருந்தன. பர்மிய வரிகளில் ஒரு எழுத்தின் மேல் இன்னொன்று ஏறியும், கொம்புகள் இடம் மாறியும், நடுநடுவே புள்ளி வட்டமுமாகக் கிடந்தது. "அண்ணே, ஃபான்ட் பத்தல போலிருக்கு, இன்னும் கொஞ்சம் இறக்கிப் போடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம், முதலில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றேன். பார்த்தால், யாரோ பென்டிரைவில் கொடுத்த ஒரு ஃபோல்டரை அப்படியே உள்ளே கொட்டியிருக்கிறான், அதற்குள் ஸோஜி என்ற பழைய பர்மிய ஃபான்ட் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு ஃபைலை எடுத்து வெளியே வைத்ததும் பர்மிய வரி நேரானது.

நம் ஆட்களின் கம்ப்யூட்டர்களில் நான் பார்க்கும் ஃபான்ட் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அதனால் எல்லோரும் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கமாண்ட்களை உச்சரிக்கிறபடி எழுதியிருக்கிறேன், டெர்மினல் என்ற கமாண்ட் திரையில் அடிக்கும்போது ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள்.

மெனுவில் தெரியும் பெயரை நம்புவதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் எல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. லினக்ஸில் எந்த ஃபான்ட்டைக் காட்டுவது என்று முடிவு செய்வது ஃபான்ட்கான்ஃபிக் என்ற நூலகம். ஒரு புரோகிராம் அதனிடம் "சான்ஸ் வகையில் தமிழுக்கு ஒன்று கொடு" என்று கேட்கும், அது தன்னிடம் இருப்பதில் மிக நெருக்கமானதை எடுத்துக் கொடுக்கும். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அது ஒருபோதும் "இல்லை" என்று சொல்லாது. நீங்கள் கேட்ட ஃபான்ட் இல்லாவிட்டாலும், பெயரைத் தப்பாக அடித்திருந்தாலும், ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடும். மெனுவில் ஒரு பெயர் இருக்கும், திரையில் தெரிவது வேறொன்றாக இருக்கும். எனவே எதையும் மாற்றும் முன் எஃப்சி-மேட்ச் என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சான்ஸ் என்று போட்டு, முக்காற்புள்ளி வைத்து லாங்=டிஏ என்று சேர்த்துப் பாருங்கள். தமிழுக்கு உண்மையில் எது வருகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். டிஏ இருக்கும் இடத்தில் எம்ஒய் போட்டால் பர்மியம். கூடவே மைனஸ் எஸ் சேர்த்தால் அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசை முழுவதையும் காட்டும். தம்பியின் லேப்டாப்பில் எம்ஒய் போட்டதும் முதல் பெயராக வந்தது ஸோஜி.

அது ஏன் முதலில் வந்தது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஃபான்ட்கான்ஃபிக் ஒரு ஃபான்ட்டுக்குள் எந்தெந்த எண்ணுக்கு எழுத்து இருக்கிறது என்று மட்டும்தான் பார்க்கும், அந்த எண்ணில் வரைந்திருக்கும் உருவம் சரிதானா என்று பார்க்காது. ஸோஜியில் பர்மிய எண்கள் இருக்கின்றன, ஆனால் எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் ஒதுக்கும் பொதுத் தரமான யூனிகோடு சொன்ன விதியில் இல்லை. மோன், கரென், ஷான் மொழி எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் கூட அது பர்மிய எழுத்தின் வேறு வடிவங்களைப் போட்டு வைத்திருக்கிறது. அப்புறம் வரிசை. நம் ஒற்றைக்கொம்பு மாதிரி பர்மியத்திலும் மெய்க்கு முன்னால் தெரியும் ஒரு குறி உண்டு. யூனிகோடில் அதை மெய்க்குப் பின்னால்தான் சேமிக்க வேண்டும், நம் "கெ"யில் முதலில் க, பிறகு கொம்பு என்று இருப்பதைப் போல. ஸோஜி கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமிக்கும். எனவே யூனிகோடில் அடித்த வரியை ஸோஜி ஃபான்ட்டில் காட்டினால் உடையும், ஸோஜியில் அடித்த வரியைப் படௌக் மாதிரி யூனிகோடு ஃபான்ட்டில் காட்டினாலும் உடையும். மியான்மர் 2019 அக்டோபர் 1 அன்று அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, இருந்தாலும் அதற்கு முந்தைய ஃபைல்கள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. பழைய ஃபைலுக்குத் தேவை எழுத்து மாற்றி, ஃபான்ட் மாற்றினால் போதாது. மாற்றி முடித்த பிறகு ஸோஜியை அந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருக்கவே வேண்டாம். ஏதோ காரணத்துக்காக ஃபைலை அழிக்க முடியாது என்றால், உங்கள் கான்ஃபிக் ஃபைலில் (அது எங்கே என்று பின்னால் சொல்கிறேன்) செலக்ட்ஃபான்ட், அதற்குள் ரிஜெக்ட்ஃபான்ட் என்று எழுதி அந்த ஃபான்ட்டின் குடும்பப் பெயரைக் கொடுத்தால் ஃபான்ட்கான்ஃபிக் அதைக் கண்டுகொள்ளாது.

தமிழிலும் நமக்கு இதே கதை உண்டு. சொந்தக்காரர்கள் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்து அனுப்பிய ஃபைலைத் திறந்து, தமிழ் வரவில்லை என்று நோட்டோவையும் லோஹித்தையும் மாற்றி மாற்றிப் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். எத்தனை யூனிகோடு ஃபான்ட் போட்டாலும் அது தமிழாகாது, ஏனென்றால் அந்த ஃபைலுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். திரையில் எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் ஹெச் என்று தெரிந்தால் அது பாமினியில் அடித்த "அம்மா". எம் என்பது அ, கே என்பது ம, அரைப்புள்ளிதான் மெய்ப்புள்ளி, ஹெச் என்பது கால். இதைப் பார்த்ததும் கன்வெர்ட்டரைத் தேடுங்கள், ஃபான்ட் செட்டிங்கைத் தொடாதீர்கள்.

இரண்டாவது தவறு, உடைந்தது என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவது. எப்படி உடைந்திருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். கட்டம் கட்டமாக வந்தால் அந்த எழுத்து எந்த ஃபான்ட்டிலும் இல்லை என்று பொருள், அப்போதுதான் புது ஃபான்ட் தேவை. சில புரோகிராம்கள் கட்டத்துக்குள் நான்கு சின்ன எழுத்துகளைக் காட்டும், அது குப்பை இல்லை, எழுத்தின் யூனிகோடு எண். 0பி95 என்று இருந்தால் அது நம் க. 0பி8 முதல் 0பிஎஃப் வரை தொடங்கும் எல்லாம் தமிழ், 10 என்று தொடங்கினால் பெரும்பாலும் பர்மியம். கட்டம் இல்லாமல் எழுத்து வந்து கொம்பும் காலும் இடம் மாறினால் முன்னே சொன்ன பழைய குறியீட்டு விவகாரமாக இருக்கும், அல்லது அந்தப் புரோகிராமுக்கே எழுத்தைக் கோக்கத் தெரியாது. எழுத்து சரியாக இருந்தும் பழைய பேருந்துப் பலகை மாதிரி சதுரம் சதுரமாகத் தெரிந்தால் யூனிஃபான்ட் என்ற புள்ளிக்கட்ட ஃபான்ட் வந்து நிற்கிறது, நல்ல தமிழ் ஃபான்ட் ஒன்றைப் போட்டால் அது ஒதுங்கிவிடும்.

கோக்கத் தெரியாத புரோகிராம் என்றதும் டெர்மினலைச் சொல்லியாக வேண்டும். பல டெர்மினல்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம் என்ற கணக்கு இருப்பதால் தமிழ் அதில் ஒழுங்காக உட்காராது. அங்கே "கொ" பிரிந்து தெரிகிறது என்று ஃபான்ட்டை மாற்றிக்கொண்டே இருந்தால் பொழுதுதான் போகும். அதே வரியை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் ஒட்டிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் உங்கள் ஃபான்ட்டில் குறை இல்லை.

ஃபான்ட்டை எங்கே வைப்பது என்பதில் நடக்கும் தவறு சின்னது, ஆனால் மணிக்கணக்கில் அலைக்கழிக்கும். சூடோ (நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கமாண்ட்) போட்டு சிஸ்டம் ஃபோல்டருக்குள் காப்பி செய்கிறார்கள், அந்த ஃபைலைப் படிக்கும் அனுமதி ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்கு மட்டும் இருக்கிறது. ஃபான்ட்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்டை சூடோவோடு அடித்தால் பெயர் தெரிகிறது, சாதாரணமாக அடித்தால் தெரிவதில்லை. உங்களுக்கு மட்டும் போதும் என்றால் வீட்டு ஃபோல்டருக்குள் புள்ளி வைத்த லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ், அங்கே போடுங்கள், சூடோவே வேண்டாம். பிறகு ஃபான்ட் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் ஒரு தடவை, திறந்திருக்கும் புரோகிராமை மூடித் திறப்பது ஒரு தடவை. மூடாமல் "இன்னும் வரவில்லையே" என்பவர்களே அதிகம்.

கான்ஃபிக் ஃபைலுக்கு வருவோம். எட்சி ஃபோல்டரில் இருக்கும் ஃபான்ட்ஸ்.கான்ஃபை நேரடியாகத் திருத்தாதீர்கள், அடுத்த அப்டேட் வரும்போது உங்கள் திருத்தம் காணாமல் போகலாம், அல்லது அப்டேட்டோடு மோதலாம். வீட்டு ஃபோல்டரில் புள்ளி வைத்த கான்ஃபிக், அதற்குள் ஃபான்ட்கான்ஃபிக், அதற்குள் ஃபான்ட்ஸ்.கான்ஃப் என்று உங்களுக்கென்று ஒரு ஃபைல் வைத்துக்கொள்ளலாம். வீட்டு ஃபோல்டரிலேயே புள்ளியோடு ஃபான்ட்ஸ்.கான்ஃப் வைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம், அந்த இடம் கைவிடப்பட்டுவிட்டது. இது எக்ஸ்எம்எல் ஃபைல், எனவே திறந்த குறி ஒன்றை மூட மறந்தாலும் எழுதியது வேலை செய்யாது. மெனுவிலிருந்து திறக்கும் புரோகிராம் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. டெர்மினலில் எஃப்சி-மேட்ச் அடித்தால் எந்த வரியில் தப்பு என்று எண்ணோடு சொல்லும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் இதைச் செய்யுங்கள், பத்துத் திருத்தம் செய்துவிட்டுச் செய்யாதீர்கள்.

அதில் என்ன எழுதுவது? தமிழ் நன்றாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் தமிழ் ஃபான்ட்டை முதலில் போடுவார்கள். பல தமிழ் ஃபான்ட்களில் ஆங்கில எழுத்தும் உண்டு, எனவே மெனுவில் இருக்கும் ஆங்கிலம் முழுவதும் அந்த ஃபான்ட்டுக்கு மாறி டெஸ்க்டாப்பே வேறு மாதிரி ஆகிவிடும். சான்ஸ்-செரிஃப் என்ற பெயருக்கு ஓர் அலியாஸ் எழுதி, ப்ரிஃபர் பட்டியலில் ஆங்கிலத்துக்கு டேஜாவூ சான்ஸ், அடுத்து நோட்டோ சான்ஸ் தமிழ், அடுத்து படௌக் என்று வையுங்கள். முதல் ஃபான்ட்டில் தமிழ் இல்லாததால் தமிழ் எழுத்து இரண்டாவதுக்குப் போகும், பர்மியம் மூன்றாவதுக்குப் போகும். எங்கோ கிடைத்த துண்டிலிருந்து பைண்டிங் ஸ்ட்ராங் என்பதை மட்டும் சேர்த்து ஒட்டாதீர்கள். ஃபான்ட்கான்ஃபிக் தேர்ந்தெடுக்கும்போது ஸ்ட்ராங் என்று சொன்ன பெயருக்கு மொழியைவிட மேலான இடம் கொடுக்கும், அதாவது தமிழ் வேண்டும் என்று கேட்டாலும் தமிழே இல்லாத ஃபான்ட்டை முதலில் நீட்டும்.

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டரில் வெவ்வேறு விதமாகப் பார்ப்பதும் நடக்கும். அண்ணன் கணக்கில் மொழி ஆங்கிலம், தங்கை கணக்கில் பர்மியம். மொழியைக் குறிப்பிடாமல் ஃபான்ட் கேட்டால் ஃபான்ட்கான்ஃபிக் அந்தக் கணக்கின் மொழியை எடுத்துக்கொள்ளும், அதனால் விடை மாறும். யாருடைய கணக்கில் கோளாறோ அவருடைய கணக்கில் போய்ச் சோதியுங்கள்.

லிப்ரே ஆபீஸ் தனிக் கதை. அதில் ஒவ்வொரு பத்திக்கும் மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, ஆசிய எழுத்துக்கு ஒன்று, சிக்கலான எழுத்துக்கு ஒன்று என்று மூன்று ஃபான்ட் இடங்கள் உண்டு. ஆசியா என்ற சொல்லைப் பார்த்து அங்கே தமிழ் ஃபான்ட்டைப் போடுகிறார்கள், அது சீனம், ஜப்பானியம், கொரியம் போன்றவற்றுக்கு. தமிழும் பர்மியமும் சிக்கலான எழுத்து என்ற மூன்றாவது இடத்தில் வரும். அந்த இடம் கண்ணில் படவில்லை என்றால் ஆப்ஷன்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் அதை இயக்கிவிட வேண்டும்.

ஃபிளாட்பேக்கில், அதாவது புரோகிராமைத் தனிக் கூண்டுக்குள் வைத்து ஓட்டும் முறையில், போட்ட புரோகிராம் மட்டும் தனியாக அடம்பிடித்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது தன் கூண்டுக்குள் இருக்கும் கான்ஃபிக்கைத்தான் படிக்கும், எட்சியில் நீங்கள் மாற்றியது அங்கே எட்டாது.

இன்னொன்று, தடித்த எழுத்து. ஃபான்ட்டின் சாதாரண ஃபைலை மட்டும் போட்டுவிட்டுத் தலைப்பைத் தடிக்கச் சொன்னால், சிஸ்டம் இருக்கும் எழுத்தையே செயற்கையாகப் பெருக்கிக் காட்டும். ஆங்கிலத்தில் இது அவ்வளவாகத் தெரியாது. தமிழில் ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள் அடைபட்டு மசிப் பொட்டாகிவிடும், சின்ன அளவில் அச்சடித்தால் வாசிக்கவே முடியாது. போல்ட் ஃபைலையும் சேர்த்தே போடுங்கள்.

தம்பியின் அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்பும் முன் பிடிஎஃப் ஆக்கி, டெர்மினலில் பிடிஎஃப்ஃபான்ட்ஸ் என்று அடித்து, பக்கத்தில் அந்த ஃபைலின் பெயரைக் கொடுத்தோம். உள்ளே இருக்கும் ஃபான்ட்களை ஒவ்வொரு வரியாகக் காட்டியது, இஎம்பி என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் யெஸ் இருந்தது, அதாவது ஃபான்ட் ஃபைலோடு சேர்ந்தே போகிறது, அச்சகத்துக் கம்ப்யூட்டரில் என்ன ஃபான்ட் இருந்தாலும் கவலை இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், அதன் போல்ட், படௌக், டேஜாவூ என்று நான்கே பெயர்கள். அதைப் பார்த்த பிறகுதான் அனுப்பினோம்.