லோதி கார்டனுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

தில்லிக்குச் சுற்றுலா வருகிறவர்களின் பட்டியலில் லோதி கார்டன் பெரும்பாலும் கடைசியில்தான் இருக்கும். செங்கோட்டை, குதுப் மினார், இந்தியா கேட் எல்லாம் முடிந்து, ரயிலுக்கு நேரம் மிச்சம் இருந்தால் ஓர் எட்டு போய்வருவார்கள். டிக்கெட் கிடையாது. பூங்காதானே, எந்த நேரத்திலும் எந்தப் பக்கமிருந்தும் நுழையலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாதித் தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. சுமார் 90 ஏக்கர் பரப்பில், 1444 முதல் அக்பர் காலம் வரையிலான கட்டடங்கள் நிற்கும் இடம் அது. எந்த வாசலில் நுழைகிறோம், எத்தனை மணிக்கு நுழைகிறோம் என்ற இரண்டை மட்டும் சரியாக வைத்துக்கொண்டால் போதும். மற்ற தவறுகளில் பல தாமாகவே குறைந்துவிடும்.

கண்ட வாசலில் இறங்குவது

தெற்கே லோதி ரோடு, வடக்கே ராஜேஷ் பைலட் மார்க், கிழக்கே மாக்ஸ் முல்லர் மார்க். பூங்காவுக்குப் பல வாசல்கள். ஆட்டோக்காரர் தனக்கு வசதியான இடத்தில் இறக்கிவிடுவார். செயலியில் வண்டி பிடித்தால் இன்னொரு குழப்பம்: லோதி காலனி, லோதி எஸ்டேட், லோதி பெயரில் ஓட்டல், உணவகம் என்று இருப்பதால் குறி வேறெங்காவது விழுந்துவிடும். (லோதி எஸ்டேட் என்றால் தில்லித் தமிழர்களுக்கு முதலில் நினைவு வருவது தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம்தான்.) சுவரோவியங்களுக்குப் பெயர்போன லோதி காலனியும் பூங்காவும் ஒன்றல்ல. இரண்டையும் பார்க்க நினைத்தால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

நுழைய வேண்டியது தெற்கு வாசல். ஆட்டோவில் ஏறும்போதே "லோதி ரோடு வாலா கேட்" என்று சொல்லிவிடுங்கள். மெட்ரோ என்றால் மஞ்சள் வழித்தடத்தில் ஜோர் பாக் நிலையத்தில் இறங்கி, லோதி ரோட்டில் கிழக்கு நோக்கிக் கால் மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம்.

தெற்கை வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. இந்தப் பூங்காவின் கட்டடங்கள் ஏறக்குறைய காலவரிசைப்படியே தெற்கிலிருந்து வடக்காக அமைந்திருக்கின்றன. லோதி ரோட்டை ஒட்டி முகம்மது ஷா சமாதி, 1444. நடுவில் படா கும்பத் (கும்பத் என்றால் குவிமாடக் கட்டடம்), 1494. அதற்கு வடக்கே ஷீஷ் கும்பத். இன்னும் வடக்கே சிக்கந்தர் லோதி சமாதி, 1517-18. அதன் அருகே ஏரிமேல் அட்புலா என்ற பாலம், அக்பர் காலத்தது. யாரும் திட்டமிட்டு இப்படி வரிசைப்படுத்தவில்லை, தற்செயல்தான். ஆனாலும் தெற்கே நுழைந்து வடக்கே வெளியேறுகிறவர், கட்டடக்கலை எப்படி மாறியது என்பதை நடந்தபடியே பார்த்துவிடலாம். வடக்கு வாசலில் நுழைந்து அதே வழியில் திரும்புகிறவர்கள் முகம்மது ஷா சமாதிவரை வருவதேயில்லை. பூங்காவிலேயே பழைய கட்டடம் அது.

தமிழ்நாட்டுக் கணக்கில் பொழுதைப் போடுவது

நமக்கு வருடம் முழுக்கப் பொழுது ஏறக்குறைய ஆறு மணியை ஒட்டியே விடியும், சாயும். தில்லியில் அப்படி இல்லை. டிசம்பரில் மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஏழே காலுக்கும் வெளிச்சம் இருக்கும். ஜனவரியில் காலை ஏழே கால் வரை விடியாது.

இது ஏன் முக்கியம் என்றால், இங்கே ஒரே நிலத்துக்கு இரண்டு காவலர்கள். புல்வெளி, மரம், நடைபாதை எல்லாம் புதுதில்லி மாநகராட்சிக் குழுவின் பொறுப்பு. கட்டடங்கள் இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. பூங்கா அதிகாலையில் திறந்து இரவு எட்டு மணிவாக்கில்தான் மூடும். சமாதிகளுக்குள் போகும் நேரமோ சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரை. "எட்டு மணி வரை திறந்திருக்கும்" என்று படித்துவிட்டு டிசம்பரில் ஐந்து மணிக்கு வருகிறவருக்கு அரை மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. வெளியே நின்று குவிமாடத்தின் நிழலுருவத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி முதல் மார்ச் நடுவரை பொற்காலம்: பூப்பாத்திகள் நிறைந்திருக்கும், இலவ மரங்கள் இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூக்கும். மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. காலை எட்டரைக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை குளிர் இதமாக இருந்தாலும் காற்று மாசு மோசமாக இருக்கும். அன்றைய காற்றுத் தரக் குறியீடு 300-ஐத் தாண்டினால் ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் தவிர்ப்பது நல்லது. ஜனவரிக் காலையில் மூடுபனி இறங்கினால் பத்து மணி வரை எதிரே இருக்கும் கும்பத்தே தெரியாமல் போகலாம். மழைக்காலத்திலும் அதை அடுத்தும் கொசு அதிகம், டெங்கு பரவும் பருவமும் அதுதான். முழுக்கை சட்டை போடுங்கள்.

"லோதி சமாதி" என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைப்பது

இணையத்தில் சிக்கந்தர் லோதி சமாதி என்று சுற்றும் படங்களில் நிறைய படா கும்பத்தின் படங்கள். கம்பீரமாக நடுவில் நிற்பதால் ராஜாவின் சமாதி அதுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதற்குள் கல்லறையே கிடையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் மசூதிக்கு நுழைவாயிலாகக் கட்டியிருக்கலாம் என்பது பரவலான கருத்து.

அடையாளம் காண எளிய வழி உண்டு. முகலாயர்களுக்கு முன் தில்லியை ஆண்ட சையது, லோதி வம்சங்களின் காலத்தில் எண்கோணம் சுல்தான்களுக்கு, சதுரம் பிரபுக்களுக்கு என்பது பொதுவான வழக்கம். இந்தப் பூங்காவில் அது அப்படியே பொருந்தும். முகம்மது ஷா சமாதி எண்கோணம். சிக்கந்தர் லோதி சமாதி எண்கோணம். ஷீஷ் கும்பத் சதுரம். உள்ளே பல கல்லறைகள் இருந்தும் யாருடையவை என்று உறுதியாகத் தெரியாது.

எண்கோணம் இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்கக் கூரையைப் பாருங்கள். முகம்மது ஷா சமாதியில் பெரிய குவிமாடத்தைச் சுற்றிப் பக்கத்துக்கு ஒன்றாகக் குட்டிச் சத்ரிகள், அதாவது தூண்கள் தாங்கும் சிறு குவிமாட மண்டபங்கள் நிற்கும். மூலைகளில் கீழே அகன்று மேலே குறுகும் சாய்வான கல் முட்டுகள் இருக்கும். சிக்கந்தர் சமாதியின் கூரையில் சத்ரிகள் இல்லை. பதிலாக அதைச் சுற்றி உயரமான மதில். வெளியிலிருந்து பார்த்தால் சிறு கோட்டை மாதிரி இருப்பதால் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தெற்குப் பக்கத்து வாசலுக்குச் சுற்றிவந்தால் முன்னால் இரண்டு சத்ரிகள் தெரியும்; அவற்றில் நீல ஓட்டின் மிச்சங்கள் ஒட்டியிருக்கும். நுழைந்தால் நடுவில் சமாதி, சுற்றிலும் வெட்டவெளி. மதிலுக்குள் தோட்டம் வைத்துச் சமாதி கட்டும் முகலாய வழக்கத்துக்கு முன்னோடிகளில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். ஹுமாயூன் சமாதிக்குப் போவதற்கு முன் இதைப் பார்ப்பது சரியான வரிசை.

ஆள் மாறாட்டமும் உண்டு. இங்கே இருக்கும் முகம்மது ஷா, 1434 முதல் ஆண்ட சையது வம்சத்துச் சுல்தான். பாரசீக மன்னர் நாதிர் ஷா படையெடுப்பின்போது ஆண்ட முகலாய முகம்மது ஷா வேறு. அவர் நிஜாமுதீன் தர்கா வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். 1526-இல் பாபரிடம் தோற்று மடிந்த இப்ராஹிம் லோதியின் கல்லறையைத் தேடியும் சிலர் இங்கே வருகிறார்கள். அது பானிபட்டில் இருக்கிறது. தன் தகப்பன் சிக்கந்தருக்கு இங்கே சமாதி கட்டியவர் அவர்.

வெளியே நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவது

படா கும்பத்தும் ஷீஷ் கும்பத்தும் வெளியிலிருந்து இரண்டு மாடிக் கட்டடம் போலத் தெரியும். வரிசை வரிசையாக மாடங்கள் வைத்துக் கட்டியதால் வரும் தோற்றம் அது. உள்ளே போனால் தரையிலிருந்து குவிமாடம் வரை ஒரே கூடம். வாசலோடு நிற்கிறவருக்கு இது தெரிய வழியில்லை. உள்ளே நுழைந்ததும் இருட்டாக இருக்கிறதே என்று உடனே திரும்பிவிடவும் கூடாது. இரண்டு நிமிடம் பொறுத்தால் கண் பழகிவிடும்.

நேரம் குறைவு என்றால் மற்றதை விட்டாலும் படா கும்பத்தை ஒட்டிய மசூதியை விடாதீர்கள். பூங்காவிலேயே நுணுக்கமான வேலைப்பாடு அங்கேதான். சுண்ணச் சாந்தில் அரபு எழுத்துகளையும் கொடிகளையும் வெட்டி நிரப்பியிருக்கிறார்கள், வளைவுகளின் விளிம்புவரை இடைவெளி விடாமல். கல்லைச் செதுக்கியது என்று தோன்றும். அருகில் போனால் சாந்து உதிர்ந்த இடங்களில் பின்னால் இருக்கும் கல் தெரிவதால் உண்மை விளங்கும். மசூதி மேற்குப் பக்கத்தில் இருந்தபடி கிழக்கு நோக்கித் திறக்கிறது. எனவே காலை வெயிலில் பார்த்தால்தான் எழுத்துகளின் ஆழம் புரியும். பிற்பகலில் முகப்பு நிழலில் போய்விடும்.

ஷீஷ் கும்பத்தின் நீல ஓடுகளுக்கு இப்படி நேரக் கட்டாயம் இல்லை. படா கும்பத்தை நோக்கிய தெற்கு முகப்பில் குளிர்காலத்தில் நாள் முழுக்க வெயில் விழும். ஒருகாலத்தில் முகப்பில் பளபளத்த ஓடுகளில் மிஞ்சியவை மேலே பட்டையாக ஓடுகின்றன, அடர்நீலமும் வெளிர்நீலமுமாக. கழுத்தை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். சின்னத் தொலைநோக்கி இருந்தால் எடுத்துப்போங்கள். மரங்களில் சாம்பல் இருவாச்சியையும் பச்சைப் புறாவையும் பார்க்கவும் உதவும்.

மேடை என்று நினைத்துக் கல்லறையில் உட்காருவது

ஷீஷ் கும்பத்துக்குள் முழங்கால் உயரத்துக்குத் தெரியும் நீள் மேடைகள் கல்லறைகள். அடையாளப் பலகை இல்லாததால் பையை வைப்பதும், குழந்தைகளை ஏற்றிப் படம் எடுப்பதும் நடக்கிறது. கூடாது என்று சொல்ல வேண்டியதே இல்லை. ஆனால் தெரியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம்.

சுவரில் பெயர் கிறுக்குவது தெரியாமல் செய்யும் காரியம் அல்ல. பழங்காலச் சுண்ணப் பூச்சில் கீறல் விழுந்தால் அதன் வழியே ஈரம் இறங்கி, சுற்றியுள்ள பூச்சும் பெயர்ந்துவிடும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2010-இல் திருத்திய சட்டம் சொல்கிறது.

கைபேசியில் படம் எடுக்கத் தடையில்லை. முக்காலி வைத்து எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ட்ரோனை நினைக்கவே வேண்டாம். இன்னொன்று: காதலர்கள் கூடும் இடம் என்ற பெயர் இதற்கு உண்டு. அவர்களைக் கைபேசியில் படம் பிடிப்பது, உற்றுப் பார்ப்பது இரண்டும் அநாகரிகம். காலையில் நடைபயிற்சிக்காரர்கள் கூட்டம். குடும்பமாகப் பாதை முழுக்க வரிசைகட்டி நடந்தால் பின்னால் ஓடிவருகிறவர் முணுமுணுத்துக்கொண்டே புல்லில் இறங்குவார்.

சாப்பாடும் தண்ணீரும்

குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் தில்லிக் குடும்பங்கள் பாய் விரித்துச் சாப்பிடும் இடம் இது. நீங்களும் கட்டுச்சோறு கொண்டுபோகலாம். புளியோதரை, சப்பாத்திச் சுருள் மாதிரி ஒழுகாதவை உத்தமம். கரும்பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும், தட்டைத் திறந்து வைத்துவிட்டுப் பேச்சில் மூழ்காதீர்கள். கட்டட மேடைகளில் இலை விரிக்கக் கூடாது, புல்வெளியில்தான். ஏரியில் இருக்கும் வாத்துகளுக்கு ரொட்டி போடுவதையும் விடுங்கள்: ரொட்டி அவற்றுக்கு ஊட்டமில்லாத தீனி, மிஞ்சியது ஊறித் தண்ணீரை நாறடிக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டராவது கையில் இருக்கட்டும். கழிப்பறைத் தேவையை உள்ளே போகும்முன்பே, மெட்ரோ நிலையத்திலோ வாசல் பக்கமோ முடித்துக்கொள்வது நல்லது.

பூங்காவை அவசரமாகத் தாண்டுவது

கட்டடங்களில் மட்டும் கண் வைக்கிறவர்கள் பூங்காவின் கதையைத் தவறவிடுகிறார்கள். சமாதிகளைச் சுற்றி கைர்பூர் என்ற கிராமம் இருந்தது. கிராமத்தாரை வேறிடத்துக்கு மாற்றி, 1936-இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறந்தார்கள். அப்போதைய வைஸ்ராயின் மனைவி, சென்னைக் கடற்கரைச் சாலையில் இருக்கும் லேடி வில்லிங்டன் கல்லூரிக்குப் பெயர் தந்தவரும் அவர்தான். 1947-க்குப் பிறகு லோதி கார்டன் ஆனது. 1968-இல் கட்டடக்கலைஞர் ஜோசப் ஸ்டீனும் தோட்ட வடிவமைப்பாளர் காரெட் எக்போவும் சேர்ந்து தோட்டத்தை மறுபடி வடிவமைத்தார்கள். கண்ணாடிச் செடிவீடு அப்போது வந்தது. கிழக்கு ஓரத்தில் மரங்களுக்கு இடையே தெரியும் இந்தியா இன்டர்நேஷனல் சென்டரும் ஸ்டீன் கட்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அட்புலாவில் கால்மணி நேரமாவது நில்லுங்கள். எட்டுத் தூண்கள், ஏழு வளைவுகள். யமுனையில் போய்ச் சேர்ந்த ஓர் ஓடையின் குறுக்கே கட்டியது. மேலே நடந்தால் பாலம் என்றே தெரியாது, கரையில் இறங்கிப் பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பிறகு வடக்கு வாசல் வழியே ராஜேஷ் பைலட் மார்க்குக்கு வந்து, கான் மார்க்கெட் மெட்ரோவுக்கு நடக்கலாம். ஆட்டோவும் கிடைக்கும். சஃப்தர்ஜங் சமாதியையும் அன்றே பார்க்க நினைத்தால் அதைக் காலையில் முதலில் வைத்துக்கொள்ளுங்கள். அது ஜோர் பாக் பக்கம் இருக்கிறது, அதற்கு மட்டும் டிக்கெட் உண்டு.