யு-பூட்டுக்குப் பின் மௌனமா? பீகிள்போன் பிளாக் பலகைக்கு ஒரு குறிப்பு

பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினிப் பலகையில், மூலநிரலிலிருந்து நீங்களே தொகுத்த லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) ஏற்றும்போது, அதை நினைவகத்தில் ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரலான யு-பூட் 'ஸ்டார்ட்டிங் கெர்னல்' என்று அச்சிட்டபின், சீரியல் கேபிள் வழியே பலகையின் செய்திகளைக் காட்டும் சீரியல் முனையத்தில் ஓர் எழுத்தும் வராவிட்டால், கெர்னல் பழுதென்று முடிவுகட்டி உடனே மறுபடியும் தொகுக்கத் தொடங்க வேண்டாம். பல நேரங்களில் கெர்னல் இயங்கிக்கொண்டுதான் இருக்கும். அதன் செய்திகள் மட்டும் உங்களை வந்தடைவதில்லை.

முதலில், யு-பூட் கெர்னலுக்கு அனுப்பும் அமைப்புகளைக் கொண்ட 'பூட்ஆர்க்ஸ்' (bootargs) வரியில் உள்ள கன்சோல் பெயரை, அதாவது செய்திகள் வெளியேறவேண்டிய போர்ட்டின் பெயரைப் பாருங்கள். பழைய ஓமேப் சீரியல் டிரைவர் 'டிடிஒய்-ஓ0' (ttyO0) என்று அழைத்த அதே போர்ட்டை, இன்றைய 8250 டிரைவர் 'டிடிஒய்-எஸ்0' (ttyS0) என்கிறது. பழைய பெயரைத் தானாக மாற்றிக்கொள்ளும் தெரிவு கெர்னல் அமைப்பில் உண்டு என்றாலும், சரியான பெயரை 115200 என்ற வேகத்தோடு நாமே எழுதிவிடுவதுதான் நம்பகமானது.

அப்போதும் மௌனம் நீடித்தால், அதே வரியில் 'இயர்லிகான்' (earlycon) என்ற சொல்லைச் சேருங்கள். முழுமையான சீரியல் டிரைவர் எழுவதற்கு முன்பே தொடக்கச் செய்திகளை வெளியிடும் இந்த வசதி, கெர்னல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும். அதிலும் ஒன்றும் வராதபோதுதான் பலகையின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீ கோப்பை ஐயுற வேண்டும்: அது இந்தப் பலகைக்கு உரியதாகவும், கெர்னலைத் தொகுத்த அதே மூலநிரலிலிருந்து உருவானதாகவும், நினைவகத்தில் கெர்னலோடு மோதாத முகவரியில் ஏற்றப்பட்டதாகவும் இருக்கவேண்டும்.

பலகையின் ஜே1 என்ற சீரியல் இணைப்பில் 3.3 வோல்ட் சீரியல் கேபிளை மட்டுமே பொருத்துங்கள். 5 வோல்ட் கேபிள் சிப்பையே கெடுத்துவிடக்கூடும்.